கதாநாயகி வீட்டை விட்டுப் போகும் பகுதி

என் தம்பி உத்தமன் ஆவடித் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, பழைய நாவல்களை வைத்து எடுக்கும் டிவி தொடர்களுக்கு இசையமைக்கப் போனான். அந்தக் கோபத்தில் அப்பா நான்கு வருடம் அவனோடு பேசவில்லை.

1992-இல் ஒரு தொடருக்காக நாவலை ஐந்து முறை படித்தான். கதாநாயகி வீட்டை விட்டுப் போகும் காட்சிக்கு மட்டும் பதினோரு மெட்டுப் போட்டுப் பார்த்தான். அது ஒளிபரப்பாக இருந்த வியாழக்கிழமை, கண்புரையால் பார்வை மங்கிய அப்பாவைக் கெஞ்சி டிவி முன்னால் உட்கார வைத்தேன். அன்று மாலை யாரோ ஒரு தலைவர் இறந்துவிட்டதால், தொடரை நிறுத்தி துக்கத்துக்கு வெறும் வீணை இசையைப் போட்டார்கள்.

அப்பா அசையாமல் அதைக் கேட்டு முடித்து, பின்னால் நின்ற உத்தமன் பக்கம் திரும்பினார். "இத்த நீயாடா போட்ட? சோக்கா கீதுடா."

உத்தமன் அக்காவான என்னைப் பார்த்தான்.

"ஆமா நைனா," என்றான்.

அந்தப் பகுதியைப் பிறகும் அவர்கள் காட்டவில்லை.