அப்பா எதிரணிக்குப் போன தேர்தல்

எழுபதுகள் தொடங்கிய சமயம், ஏரியூருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது. தலைவர் பதவிக்கு மனுப் போட்டேன். எதிரே நின்றவர் ஏற்கெனவே தலைவராக இருந்தவர், எழுபதைத் தாண்டியவர். கூட்டத்தில் யார் பேசினாலும் பாதியில் தூங்கிவிடுவார். வேறு குற்றம் எதுவும் அவரிடம் கிடைக்காததால் அதையே பிடித்துக்கொண்டேன். சர்க்கார் உத்தியோகத்துக்கு ஓய்வு வயது இருக்கிறது, தலைவர் பதவிக்கு மட்டும் ஏன் இல்லை? 'அறுபது தாண்டியவருக்குப் பதவி வேண்டாம்' என்று சுவரெல்லாம் எழுதினேன்.

இளவட்டங்கள் விசிலடித்தார்கள். வீட்டில்தான் சிக்கல். அப்பாவுக்கு அறுபத்தாறு வயது. கடலைக்காட்டை உழுதுவிட்டு வந்தவர், களியை உடைத்துக்கொண்டே கேட்டார்.

"அறுவது தாண்டுனவன் எதுக்கும் ஆவ மாட்டானாடா?"

"உங்களச் சொல்லலீங்கப்பா. பதவியில இருக்கறவங்களத்தான் சொன்னேன்."

"ஊர்ல எல்லாரும் என்னைய பாத்துத்தான்டா சிரிக்கறாங்க."

மறுநாளே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிராளிக்கு ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிட்டார். அம்மா யார் பக்கமும் சேரவில்லை. "வெளிய என்ன வேணா சண்ட போடுங்க. வூட்டுக்குள்ள சோறு மட்டுந்தான்" என்றுவிட்டாள்.

நானும் தெருத்தெருவாகப் போனேன். கன்னடக்காரர்கள் தெருவில் பல்லில்லாத ஓர் ஆத்தா என்னை நிற்க வைத்துக் கேட்டாள். "எங்க வயசு ஆவாது, எங்க ஓட்டு மட்டும் ஆவுமா சாமி?" சிரித்துவிட்டேன். அவளும் சிரித்து, ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

ஓட்டுப் பதிவு அன்று அப்பா, நடக்க முடியாத கிழவன் கிழவிகளையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் வண்டி, எங்கள் மாடுகள்! கிழவிகள் கொண்டையில் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். ஒரு தாத்தா தெலுங்கில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தின் முன்னால் வண்டி நின்றதும் இறங்க முடியாமல் தடுமாறினார்கள். மனசு கேட்கவில்லை. நானே ஓடிப்போய் ஒவ்வொருவராகத் தாங்கி இறக்கினேன்.

"பாத்து எறக்கு சாமி. ஒனக்கு எதிரா வுழப்போற ஓட்டு இது" என்றாள் அதே ஆத்தா.

வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. போட்டியில் நிற்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

பதினோரு ஓட்டில் தோற்றேன். ஓய்வு வயது வேண்டும் என்ற என் எண்ணம் மட்டும் மாறவில்லை. அப்பாதான் முகம் வாடி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பதினொண்ணுதானாடா? வண்டியில பதினாலு பேர ஏத்தியாந்து நானே ஒன்னைய தோக்கடிச்சிட்டனே!"

அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் தயங்கிய அவரும் பிறகு சேர்ந்துகொண்டார். உள்ளே அம்மா வெல்லப் பாயசம் காய்ச்சி வைத்திருந்தாள். யார் ஜெயித்தாலும் நம் வீட்டில் ஒருத்தருக்கு ஜெயம்தானே என்று காலையிலேயே அரிசியும் பருப்பும் எடுத்து வைத்துவிட்டாளாம்.