என் வீட்டுக்காரர் சாப்பிட்ட மண்சோறு

வெள்ளிக்கிழமைதோறும் மாரியாத்தா முன்னால் கூடுகிற உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது.

கல்யாணமாகி ஏழு வருஷம் மலடி என்ற பேரோடு இருந்தேன். பேர் வைத்தது என் மாமியாரும் நாத்தனாரும். அலங்காநல்லூர்ப் பக்கம், மாடு பிடிக்கிற குடும்பம். காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கியவனுக்குக் குறை இருக்குமா என்பது அவர்கள் கண்டுபிடித்த விஞ்ஞானம். தூ, அதுவும் ஒரு அறிவு.

ஆடி வந்தால் அவர்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பிள்ளையில்லாத பெண்கள் மண்சோறு சாப்பிடுவோம். இலை கிடையாது. சோற்றைத் தரையில் போட்டுச் சாப்பிட வேண்டும். வருஷம் தவறாமல் சாப்பிட்டேன். பருக்கை மிஞ்சுகிறதா என்று நாத்தனார் பக்கத்திலேயே நின்று பார்ப்பாள்.

ஆனையூரில் தனிக்குடித்தனம் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். எனக்கு ஒன்றும் இல்லை. அவருக்குத்தான் விந்தணு மிகக் குறைவு, குரோமோசோமிலும் கோளாறு. அவருடைய அணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்திக் கருவாக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் கோளாறுள்ள கரு தங்காது, ஒவ்வொரு கருவையும் ஜீன் டெஸ்ட் செய்து நல்லதைத்தான் வைக்க வேண்டும், ஒன்றுகூடத் தேறாமலும் போகலாம் என்றார்.

மூன்று கரு உண்டாயின. ரிசல்ட்டுக்குக் காத்திருந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அது ஆடி மாதம். நாத்தனார் வந்து நின்றாள்.

"டெஸ்ட்டு எடுக்கிறீகளாம்ல. அப்படியே ஆம்பளப் பிள்ளையாப் பாத்து வைக்கச் சொல்லு. இந்த வருசமும் மண்சோறு சாப்புட வந்துரு."

கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது சட்டப்படி குற்றம் என்று அவளிடம் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு. கோயிலுக்குப் போனேன். உட்காரப் போனவளைக் கூட வந்த என் வீட்டுக்காரர் தடுத்தார்.

"நீ எந்திரி. குறை என்கிட்டதான இருக்கு. நான் சாப்புடுறேன்."

பெண்கள் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாமியாருக்கு முகம் செத்துப்போனது.

"டேய், ஊரே பாக்குதுடா. மானத்த வாங்காத, எந்திரி."

"பாக்கட்டும்மா. இம்புட்டு வருசமா இவ சாப்புட்டப்ப யாரு மானம் போச்சு?"

அவர் குனிந்து சாப்பிட்டார். நான் தூணோரம் நின்று அழுதேன். ஆத்தா, ஆணோ பெண்ணோ, ஒரே ஒரு கருவைத் தேற்றிக் கொடு என்று கேட்டேன்.

இரண்டு தேறவில்லை. ஒன்று தேறியது. அது தங்கியது. இன்று என் மகள் வீடெல்லாம் தவழ்கிறாள். ஆத்தா கொடுத்தாள், வேறு யாரும் இல்லை.

பிள்ளை பார்க்க வந்த நாத்தனார், "பொட்டப்பிள்ளதானா" என்றாள். வாசலோடு அனுப்பிவிட்டேன். ஆத்தா அவளை மன்னிக்கலாம். நான் அவ்வளவு பெரியவள் இல்லை.

பிள்ளைக்கு ஏங்குகிற தங்கச்சிகளே, ஆத்தாளை நம்பி வாருங்கள், கைவிட மாட்டாள். ஆனால் முதலில் புருஷனை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வரமாட்டேன் என்று மீசையை முறுக்கினால் முறுக்கட்டும். அவர் பங்குச் சோற்றை மட்டும் நீங்கள் சாப்பிடாதீர்கள்.