மாப்பிள்ளை அழைப்பில் போன கிளச்

எங்கள் சித்தப்பா புத்தூருக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, வீட்டில் ஒருவரும் அதை வண்டி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டே இருக்கை. கூரைக்குப் பதிலாக மடக்கி வைக்கிற துணி. சென்னையில் ஏதோ ஒரு பங்களாவின் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த அதை, ஸ்ரீசிட்டித் தொழிற்சாலையில் சம்பாதித்ததையெல்லாம் போட்டு வாங்கியிருந்தார். “நம்ம ஊருல எலும்பு ஒடஞ்சா கட்டுப் போட ஆளு இருக்குது. இதுக்கு எவன்டா கட்டுப் போடுவான்?” என்று என் அப்பா, எங்கள் நைனா, கேட்டார். சித்தப்பா வண்டியின் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அந்த வண்டிக்கு மரியாதை வந்தது. மாப்பிள்ளை வீடு பங்காருபாளையம், மாம்பழ மண்டி வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. பெரியப்பா வைத்ததுதான் சட்டம். நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பெரியப்பா நாற்காலியில் தொடங்கி ரசம் வரைக்கும் குறை சொன்னார். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் இல்லாமல் தங்கள் பையன் ஊருக்குள் வரமாட்டான் என்றார். நைனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாப்பிள்ளை தலையைத் தூக்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனபிறகு அத்தை சமையலறையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “அவரு வாயே தொறக்கல அண்ணி. நாளைக்கு அந்தப் பெரியவரு என்னைத் திட்டினாலும் இப்டித்தான் குனிஞ்சிக்கினு இருப்பாரா?” அம்மா என்னென்னவோ சமாதானம் சொன்னாள். அத்தைக்கு ஒன்றும் ஏறவில்லை. கல்யாணம் நெருங்க நெருங்கச் சாப்பாடு குறைந்தது. ஜாக்கெட்டை இரண்டுமுறை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் சித்தப்பா வண்டிக்குப் பூ கட்ட அதை வெளியே எடுக்கப் போனார். கிளச் பெடல் ஒரு எதிர்ப்பும் காட்டாமல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியர் போட்டால் கரகரவென்று கத்தியது. அந்த வண்டியின் கிளச்சுக்குக் கம்பி கிடையாது, எண்ணெய்தான். பெடலை மிதித்தால் மேலே இருக்கிற சிலிண்டர் எண்ணெயைக் குழாய் வழியாகத் தள்ளும். கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கிற குட்டி சிலிண்டர் அதை வாங்கிக் கிளச்சைப் பிரிக்கும். மேலே டப்பாவில் எண்ணெய் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. கீழே குட்டி சிலிண்டரைச் சுற்றி ஈரம். உள்ளே இருக்கிற ரப்பர் கிழடாகிவிட்டது, புதுசு வாங்கச் சென்னைக்குத்தான் போகவேண்டும், இன்றைக்கு முடியாது என்றார் சித்தப்பா.

இருந்தாலும் கடையில் பிரேக் ஆயில் வாங்கிவந்து ஊற்றினார். ஊற்றினால் மட்டும் போதாது, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுத்தால்தான் பெடல் இறுகும். அதற்கு ஒருவர் கீழே படுக்க வேண்டும், ஒருவர் பெடலை அமுக்க வேண்டும். பெரியவர்கள் எல்லாரும் பந்தலில் இருந்ததால் என்னைப் பிடித்தார். எனக்குக் கால் எட்டாது. இருக்கைக்கு முன்னால் குந்தி, பெடலை இரண்டு கையாலும் அமுக்கினேன். “அமுக்கு கண்ணு. புடிச்சிக்கோ. நான் சொல்றவரைக்கும் வுடாத” என்று அடியிலிருந்து குரல் வரும். அவர் கீழே நட்டைத் தளர்த்தினால் எண்ணெயோடு காற்று புஸ்ஸென்று வரும். திரும்ப இறுக்கியபிறகு, “இப்ப வுடு.” ஒருமுறை எறும்பு கடித்து நான் முந்தியே விட்டுவிட்டேன். வெளியேறிய காற்றெல்லாம் திரும்ப உள்ளே போனது. சித்தப்பா அடியில் கிடந்தபடியே நெற்றியில் அடித்துக்கொண்டார், முதலிலிருந்து ஆரம்பித்தோம். கடைசியில் பெடல் என் கையை எதிர்த்துத் தள்ளியது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்று சுற்றினார்.

அந்தச் சேவைக்காக, பெண்வீட்டுக் குழந்தை ஒன்று மாப்பிள்ளையோடு உட்காரும் இடம் எனக்குக் கிடைத்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பினோம். சித்தப்பா ஓட்ட, பக்கத்தில் மாப்பிள்ளை. அவர்களுக்குப் பின்னால், மடித்த துணிக்கூரையின்மேல் நான். மேளம் முன்னே போனது. பாதி வழியில் பட்டாசு வெடிக்க ஊர்வலம் நின்றது. திரும்பக் கிளம்பும்போது சித்தப்பாவின் கால் பெடலோடு கீழே போனது போனதுதான். பெடல் எழும்பவே இல்லை. கியர் அலறியது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. சித்தப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தரம் குத்திப் பார்த்தார். வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியது.

“கியர்ல போட்டு ஸ்டார்ட் பண்ணா கெளம்பும். ஆனா குதிக்கும். முன்னாடி பொம்பளைங்க, கொழந்தைங்க” என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். அவர் சாவியைத் தொட்டுத் திருப்பாமலே கையை எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். மாப்பிள்ளையும் பார்த்தார்.

பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். “ஏமய்யா, வண்டி நின்னுபோச்சா? இதுதான் உங்க மரியாதையா?” நைனா பின்னாலிருந்து ஓடிவந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேளக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள்.

அப்போது மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். “நான்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன் பெரியப்பா. எஞ்சின் சூடு கால்ல அடிக்குது. தள்ளிக்கினு போலாம்.”

“மாப்பிள்ளை வண்டியத் தள்றதா? ஊரு சிரிக்கும்ரா.”

“சிரிக்கட்டும். காலையிலேருந்து அவங்கதான் நமக்காக ஓடிக்கினு இருக்காங்க. நம்ம பசங்களும் ஒரு கை வெக்கட்டும். நீங்க முன்னாடி நடங்க.”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். இரண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்து தள்ளினார்கள். எஞ்சின் சத்தம் இல்லாததால் நாதஸ்வரம் முன்பைவிட நன்றாகக் கேட்டது. சித்தப்பாவுக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நைனாவோ எங்கள் வீட்டிலேயே பலசாலி அவர்தான் என்பதுபோல் தள்ளினார்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நிறுத்தச் சொன்னது அவர் இல்லை. அவர் காலில் சூடும் இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டுச் சௌகரியமாகத்தான் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்கிறவர்களைப் பற்றி எங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. மண்டபம் வந்ததும் நேராக மணப்பெண் அறைக்கு ஓடினேன். அத்தை பாதி அலங்காரத்தில், சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் காப்பாற்ற எனக்கு அந்த ஒரு ராத்திரிதான் இருந்தது.

“அத்தை, உன் மாப்பிள்ளை பொய் சொல்றாரு” என்று ஆரம்பித்து, நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“அந்தப் பெரியவரு எதிர்லயா சொன்னாரு?”

“எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க.”

“இன்னொரு தரம் சொல்லு. அவரு சொன்னத அப்டியே சொல்லு.”

சொன்னேன். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் சொன்னேன். அத்தையின் கண்மை கன்னத்தில் இறங்கியது. நான் நினைத்தபடியே ஆகிவிட்டது, கல்யாணம் நின்றுவிடும் என்று எனக்குப் பயமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டை இழுத்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. சாம்பாரைக்கூட ஊற்றிக்கொள்ளாமல் பெரிய பெரிய கவளமாக அள்ளித் தின்றாள். தீர்ந்ததும், இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லி என்னை அம்மாவிடம் அனுப்பினாள். கட்டிக்கொள்ளப் போகிறவன் பொய்க்காரன் என்று தெரிந்தபிறகு ஒருத்திக்கு எப்படி இவ்வளவு பசிக்கும் என்று யோசித்துக்கொண்டே நான் தட்டோடு நடந்தேன்.