வாரேன்னு சொல்லாத

ராஜம்மக்காகிட்டப் பேசணும்னா எதுக்கால நின்னு பேசணுமுங்க. முதுகுக்குப் பின்னால நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாது. சின்ன வயசுல இருந்து தறி குடோன்ல நின்னு நின்னு காது செத்துப்போச்சு. அந்த இரைச்சல்ல ஒருத்தர் வாயசைவைப் பார்த்துத்தான் இன்னொருத்தர் பேச்சைப் புரிஞ்சுக்குவாங்க. இந்தக் குமாரபாளையத்துல என்னைப் பத்தி எவளும் ரகசியம் பேச முடியாது. தெருக்கோடியில குசுகுசுத்தாலும் அக்கா உதட்டைப் பார்த்தே எங்கிட்டச் சொல்லிப்போடும். நான் வசந்தாமணி, பக்கத்து ஊட்டுக்காரி, இட்லி சுட்டு விக்கிறவ.

அக்காவும் ஒரு காலத்துல ஆஸ்டல்ல தங்கிப் படிச்சதுதான். தீபாவளி லீவுக்கு ஊட்டுக்கு வந்தப்ப, குடோன்ல ஆளில்ல, ஒரு வாரம் நூல் சுத்திக் குடு சாமின்னு அவங்கம்மா கூப்பிட்டாங்களாம். அந்த ஒரு வாரம் முடியவே இல்லைங்க. அவங்கம்மாளும் அப்பிடி வந்து மாட்டினவங்கதான். அக்காவைக் கட்டினவன் புள்ள பொறந்ததும் எங்கியோ ஓடிட்டான், அந்த நாசமாப் போனவன் கதை இங்க வேண்டாம்.

மக ரஞ்சனிக்குக் கோயமுத்தூர்ல நர்சிங் படிக்க எடம் கெடச்சுது. பஸ் ஏத்திவிட நானும் போனேன். எல்லாரும் சொல்றாப்பல அந்தப் புள்ள, போயிட்டு வாரேம்மான்னுச்சு. அக்கா மூஞ்சி கடுத்துப்போச்சு.

“வாரேன்னு சொல்லாத. போறேன்னு சொல்லு.”

எழவு ஊட்ல இருந்து கெளம்பறப்பத்தானுங்க நாங்க வாரேன்னு சொல்ல மாட்டோம். பெத்தவ பேசற பேச்சான்னு அங்கியே திட்டினேன். லீவுன்னு வந்தா இவளையும் தறி புடிச்சுக்கும், எங்களோட அது போகட்டும்னுச்சு அக்கா. புள்ள அழுதுட்டே போறேம்மான்னு சொல்லிட்டுப் போச்சு.

சொன்ன சொல்லு தட்டல. பொங்கலுக்கும் ஆஸ்டல்லயே கெடந்துச்சு. இப்பச் சென்னையில பெரிய ஆஸ்பத்திரியில வேலை. கல்யாணமும் அங்கதான். இங்கியே இரும்மான்னு கூப்பிட்டுச்சு. அக்கா போயிட்டுக் கொஞ்ச நாள்லயே திரும்பிடுச்சு. அந்த ஊட்ல எல்லாரும் முதுகைக் காட்டிட்டே பேசறாங்களாம்.

ஞாயித்துக்கெழமையானா வீடியோ கால் வரும். அக்கா, மக உதட்டையே பார்த்துட்டு இருக்கும். முடிக்கறப்ப, வெச்சர்றேம்மான்னுதான் ரஞ்சனி சொல்லும். வாரேன்ங்கற சொல்லு அந்த வாயில வரவே வராது. போன் அணைஞ்ச பின்னாலயும் அக்கா அந்த இருண்ட கண்ணாடியப் பார்த்துட்டு உக்காந்திருக்குமுங்க.

போன தையில குடோனை மூடிட்டாங்க. தறியெல்லாம் ஒடச்சுப் பழைய இரும்புக்கு லாரியில ஏத்தினாங்க. சனியன் தொலைஞ்சுதுன்னு இருந்துச்சு எனக்கு. அக்கா மூச்சு வாங்க எங்கிட்ட ஓடி வந்துச்சு.

“வசந்தா, தறி போயிடுச்சு. இனி புள்ள வரலாமில்ல?”

கேட்டுப் பாருங்கன்னேன். தடுத்த வாயாலயே கூப்பிட அதுக்குக் கூச்சம். பல ஞாயிறு வேற என்னென்னமோ பேசிட்டு வெச்சிடும். கடைசியில ஒரு நாள் நான் பக்கத்துல இருக்கறப்பத்தான் கேட்டுச்சு.

“தறி இல்ல சாமி. வா.”

மக கண்ணத் தொடச்சுக்கிட்டு, டியூட்டிக்கு நேரமாச்சுன்னு பையை எடுத்து மாட்டுச்சு.

“சரிம்மா, வாரேன்.”

அக்காவுக்குத் தலைகால் புரியல. பாய் தலகாணியெல்லாம் வெயில்ல காயப்போட்டு, ஊட்டைக் கழுவி உட்டு, எங்கிட்டத் தனியா மாவு எடுத்து வெக்கச் சொல்லுச்சு. அதுல இருந்து ஒவ்வொரு வாரமும் இதே பாடுதான். மாவு புளிக்குது, புள்ள வந்த பாடில்ல.

ரஞ்சனி பொய் சொல்லலைங்க. அக்காவும் உதட்டைத் தப்பாப் படிக்கல. ஆனா எங்க ஊர்ல வாரேன்னு சொல்றது யாருங்க? கெளம்பிப் போறவங்கதானே!

இதை அக்காவுக்கு எதுக்கால நின்னு சொல்ல எனக்கு வாய் வரல. நேத்து அது வாசல் கூட்டிட்டு இருந்தப்ப முதுகுக்குப் பின்னால நின்னு சொல்லிட்டேன். அக்கா திரும்பல, கூட்டிட்டே இருந்துச்சு.