மேகத்துக்குள் குடியிருந்த பத்மினி டீச்சர்

மலையகத்தின் லிந்துலையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது பத்மினி டீச்சரின் கணவர் அழைத்தார். "டீச்சர் போயிட்டாங்க சேர்" என்றார். டீச்சர் சில மாதங்களாக நோயோடு இருந்தவர்தான். ஆனாலும் அடுத்த தவணைக்குப் பாடசாலைக்கு வந்துவிடுவார் என்றே எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தேன்.

எங்கள் தோட்டப் பாடசாலையில் நான் தமிழும் அவர் விஞ்ஞானமும் கற்பித்தோம். ஒருநாள் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த மூடுபனி ஆசிரியர் அறைக்குள்ளேயே புகுந்தது. நான் சலித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன். "மேகத்தையா சேர் வெளிய தள்ளுறீங்க?" என்று சிரித்தார். ஈரக் காற்று மலைச்சரிவில் ஏற ஏறக் குளிர்கிறது, அதிலுள்ள நீராவி கண்ணுக்குத் தெரியாத தூசுகளைப் பற்றிக்கொண்டு நுண்துளிகளாகிறது, கீழே உள்ளவர்கள் அண்ணாந்து பார்க்கும் மேகத்துக்குள் நாம் குடியிருக்கிறோம் என்று, தேநீர் ஆறிப்போகும்வரை விளக்கினார்.

ஒரு தென்மேற்குப் பருவத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்ததும், மலையடியில் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்குப் போய் எல்லோரையும் பாடசாலை மண்டபத்துக்கு அழைத்துவந்தார். மழை விட்டுவிட்டது. மண் ஒரு பிடிகூட அசையவில்லை. நனைந்த பாய்களோடு திரும்பிய சனங்கள் முணுமுணுத்தார்கள். அவர் முகம் வாடவில்லை. "ஒண்ணும் நடக்கலன்னா அதுதாங்க நல்ல சேதி" என்றபடி, ஒரு மூட்டையைத் தானும் தூக்கிக்கொண்டு அவர்களோடு நடந்தார்.

அடுத்த வருடம் மறுபடி விடாத மழை. இம்முறை நானும் கூடப் போனேன். யாரும் கிளம்புவதாக இல்லை. லயத்தில் எல்லோரும் மதிக்கும் முனியாண்டி அண்ணன், "மேகம் நமக்கென்ன புதுசா டீச்சர்? போன வருசமும் இப்படித்தான் சொன்னீங்க" என்றார்.

"சொன்னேங்கண்ணே. இந்த வருசமும் தப்பாப் போகலாம். ஆனா காத்து ஈரத்தக் கொண்டுவந்துகிட்டே இருக்கு. மல தடுக்குது, அது மேல ஏறிக் குளிர்ந்து இங்கேயே கொட்டுது. மண்ணு இதுக்கு மேல தண்ணி குடிக்காது. தப்பாப் போனா என்னயத் திட்டுங்க. மண்டபத்துல இருந்துகிட்டு திட்டுங்க."

அண்ணன் மலைச்சரிவை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு மனைவியிடம் பாயைச் சுருட்டச் சொன்னார். அவர் கிளம்பியதும் மற்றவர்களும் கிளம்பினார்கள். அன்று மாலை மலை சரிந்தது. லயத்தின் ஒரு முனை மண்ணுக்குள் போனது. அப்போது மண்டபத்தில் பிள்ளைகள் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் குடும்பங்கள் இப்போது பாதுகாப்பான இடத்தில், தனி வீடுகளில் இருக்கின்றன. டீச்சரின் இறுதி ஊர்வலத்துக்கு ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள்.

ஒருமுறை பொய்த்துப்போன வார்த்தையோடு அதே வாசலுக்கு மீண்டும் போக ஒரு மனம் வேண்டும். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதைத்தான். சென்ற வாரம் மழை கனத்தபோது, வெள்ளம் வருமுன் எங்கள் தோட்டத்தின் ஆற்றோரக் குடும்பங்களை அழைத்துவர நான் தனியாகப் போனேன். என்ன சொல்லி அழைப்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். கதவைத் தட்டுவதற்குள் ஒரு பெண் வாசலுக்கு வந்தாள்.

"வர்றோம் சேர். புள்ளைங்களுக்கு உடுப்பு எடுத்துகிட்டிருக்கோம்" என்றாள்.