அக்கா வீட்டுக்கு நான் போட்ட பிளான்

ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒரே அறை. அதில்தான் வீட்டுக்கு பிளான் வரைந்து கொடுக்கிறேன். என்னைப் பார்த்து யாரும் கட்டடக் கலைஞர் என்று சொன்னதில்லை. நானேதான் இரண்டு வருடம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எல்லாம் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு மெல்லிய புத்தகத்தால் வந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் எங்கோ சில இளம் கட்டடக்காரர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை. பூவேலை, கொடிவேலை எல்லாம் வெறும் பொய், கட்டடம் உள்ளதை உள்ளபடி காட்டவேண்டும் என்று அடித்துப் பேசியிருந்தார்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பதினோரு பக்கம் படித்தேன். பன்னிரண்டாம் பக்கம் போவதற்குள் எனக்கு ஞானம் வந்துவிட்டது.

ஞானம் வந்தவன் சும்மா இருப்பானா? வாசலில் தூண் கேட்டு வந்த அரிசிக்கடைக்காரருக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அந்தத் தூணை எங்க வைக்கலாம்?" என்றார். மறுநாள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். கீழே கடையில் எனக்கு 'நேர்கோடு' என்று பேர் வைத்தார்கள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மாட்டியது அக்காதான். தையல் வேலை செய்கிறவள். சொந்தமாக வீடு கட்டத் தம்பியை விட்டால் யார் என்று வந்தாள். வெள்ளைப் பெட்டி மாதிரி ஒன்றை வரைந்தேன். தெருப்பக்கம் சுவர் முழுக்க நீள ஜன்னல். மேலே சன்ஷேடு கிடையாது.

"மழை உள்ள வராதாடா?"

"முகத்துக்கு யாராவது கூரை போடுவாங்களா அக்கா?"

"தொப்பி போடுவாங்களே" என்றார் அத்தான், மெதுவாக. நான் காதில் வாங்கவில்லை.

கட்டி முடித்துக் குடிபோனபின் வந்த முதல் மழையிலேயே ஜன்னல் வழியாகத் தண்ணீர் இறங்கியது. தைத்து அடுக்கியிருந்த நாற்பது பள்ளிச் சட்டைகளும் பக்கத்திலிருந்த நீலத் துணியின் சாயம் ஏறித் திட்டுத்திட்டாகிவிட்டன. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புதுத் துணி வாங்கி நாற்பதையும் மறுபடி தைத்தாள்.

பிறகு எனக்குச் சொல்லாமல் கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறாள். விஷயம் தெரிந்து ஓடினேன். சன்ஷேடு வந்துவிட்டது, அதன் அடிவிளிம்பில் அவர் சிமெண்டால் மெல்லிய வரம்பு ஒன்று இழுத்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு? அலங்காரமா?" என்று கத்தினேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். ஏற்கெனவே காய்ந்த பகுதியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். விளிம்பைத் தாண்டி அடிப்பக்கமாக ஊர்ந்த தண்ணீர், அந்த வரம்பில் முட்டியதும் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"இது இல்லேன்னா தண்ணி அப்படியே சுவத்துல இறங்கிடும் சார்."

என் பழைய பிளான்களில் அந்தக் கோடு இருந்தது. ஞானம் வந்தபின் நான்தான் ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். வெயிலும் மழையும் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பென்சிலை எடு என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது.

அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஜன்னலை ஒட்டி இப்போது மூன்று மெஷின் ஓடுகிறது. வேலைக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். "வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. அதுக்காக மறுபடி பேச ஆரம்பிச்சிடாதே" என்றாள்.

போன மாதம் அத்தான் மாடியில் ஒரு அறை கட்ட நினைத்தார். என்னிடம்தான் பிளான் கேட்டு வந்தார், கூடவே கொத்தனாரையும் அழைத்துக்கொண்டு. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. பெஞ்சில் நகர்ந்து கொத்தனாருக்கு இடம் விட்டேன்.