மூன்று தொப்பிகளும் என் தலையும்

எனக்குப் புழுவெட்டு வந்தபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. முதலில் வலது காதுக்குப் பின்னால் ஒரு நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து, தோல் வழுவழுவென்று தெரிந்தது. பின்னலை அந்தப் பக்கமாக இழுத்துப் போட்டுச் சமாளித்தேன். பிறகு உச்சியில் ஓரிடம், நெற்றியோரத்தில் ஓரிடம். அடிமாலியில் தோல் டாக்டர் தலையில் ஊசி போட்டார், களிம்பு கொடுத்தார், சிலருக்குத் தானாக வளர்ந்துவிடும் என்றார். எனக்கு வளரவில்லை. அந்த வருஷம் மழை பிடிப்பதற்குள் தலைமுடி முழுக்கப் போயிற்று. கூடவே புருவமும் போயிற்று. புருவத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளப் பழகினேன். தலையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூணாறில் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேயிலையும் ஏலக்காயும் சாக்லேட்டும் விற்கிற ஒரு கடையில் எனக்கு வேலை. கணவர் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறார். மகள் கோட்டயத்தில் நர்சிங் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் மட்டும் எனக்குப் பயமில்லை. அங்கே எல்லாப் பெண்களும் முக்காடு போட்டுத்தான் உட்காருவோம். மற்ற நாட்களில் ஸ்கார்ப் கட்டிக்கொண்டேன். டோப்பா வாங்கிப் பார்த்தேன். களிம்பு தடவிய தலையில் அது அரித்தது. பின் குத்தி நிறுத்தத் தலையில் முடி இல்லாததால் குனிந்தால் முன்னால் நகர்ந்து வந்தது. இரண்டு நாளில் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டேன்.

ஒரு நாள் கடையில் நல்ல கூட்டம். மேல் தட்டிலிருந்து தேயிலைப் பெட்டி எடுக்க ஸ்டூலில் ஏறினேன். இறங்கும்போது ஸ்கார்ப் தட்டின் ஆணியில் மாட்டி அங்கேயே தொங்கியது; நான் கீழே நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி கடையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் போனைச் சட்டென்று கீழே இறக்கினாள். அவ்வளவு நேரம் அது என் பக்கம்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதை அழித்தாளா, வைத்திருக்கிறாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் யாராவது போனைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தால் முதலில் அந்த வீடியோதான் நினைவுக்கு வரும்.

கூட வேலை செய்கிறவள்தான் தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னாள். குளிர் ஊர், யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள் என்றாள். சாலையோரக் கடைகளில் குரங்குக் குல்லாவும் கௌபாய் தொப்பியும் வரிசையாகத் தொங்கும். அதில் காப்பிக் கலரில் ஒரு ஃபெல்ட் தொப்பி எடுத்தேன். சுற்றிலும் கறுப்பு நாடா, உள்ளே பிளாஸ்டிக் பட்டை. கண்ணாடியில் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. முதலாளிக்கும் பிடித்தது. டூரிஸ்ட்டுகள் விரும்புவார்கள் என்று சொல்லி, வேலை நேரத்தில் போட்டுக்கொள்ள விட்டார்.

ஃபெல்ட் என்பது நெய்த துணி இல்லை. ரோமத்தை நீராவி காட்டி அழுத்தி அழுத்தித் தகடு போல ஆக்குவது. ஆட்டு ரோமத்தில் செய்தால் ஒரு மாதிரி, முயல் ரோமத்தில் செய்தால் வேறு மாதிரி. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. நான் வாங்கியதில் ஆட்டு ரோமமே எவ்வளவு இருந்தது என்று எனக்குச் சந்தேகம். கடைக்குள் இருந்தவரை அதற்கு ஒரு குறையும் வரவில்லை. ஜூலை மாதம் ஒரு சாயங்காலம் ஷேர் ஜீப்புக்காக மழையில் நின்றேன். ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் முகத்தைப் பார்த்துப் பதறி, "நெத்தியில அடிபட்டிருச்சாக்கா? ரத்தம் வடியுது" என்றாள். தொட்டுப் பார்த்தேன். சாயம். காப்பிக் கலர் தண்ணீர் நெற்றியில் இறங்கி, புருவப் பென்சிலையும் கரைத்துக்கொண்டு கன்னம் வரை வந்திருந்தது. அவள் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிடப் போனாள். துடைக்கிறவள் தொப்பியை மேலே தள்ளுவாள் என்று பயந்து அவள் கையைத் தட்டிவிட்டேன். நல்ல மனதோடு செய்ய வந்தவள். ஜீப்பில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி மழையில் நடந்தேன். அடுப்புப் பக்கத்தில் காயவைத்த தொப்பி காலையில் சுருங்கி, விளிம்பு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

அதன் பிறகு பள்ளிவாசல் என்கிற ஊருக்குப் போகிற வழியில் பழைய சாமான் கடை ஒன்றில் இரண்டாவது தொப்பி கிடைத்தது. பித்தளை விளக்கு, ஓடாத கடிகாரம், எஸ்டேட் பங்களாக்களிலிருந்து வந்த பீங்கான் தட்டுகள் எல்லாம் விற்கிற கடை. சாம்பல் நிறத் தொப்பி. உள்ளே தோல் பட்டை, அதில் யாருடைய பெயருக்கோ உரிய இரண்டு ஆங்கில எழுத்துகள், தங்க நிறம் பாதி அழிந்து. நான் மழைக்குத் தாங்குமா என்று கேட்டதும், கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். சேம்பு இலையில் உருளுவது போல உருண்டு கீழே விழுந்தது. முயல் ரோமம் என்றார். கையில் எடுத்தால் கனமே இல்லை. பூச்சி அரித்த சின்ன ஓட்டை ஒன்று பின்பக்கம் இருந்தது. நாடாவைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டினால் தெரியாது. எனக்குப் பெரிதாக இருந்ததால் தோல் பட்டைக்குள் பேப்பரை மடித்துச் செருகிக்கொள்ளச் சொன்னார். அப்படியே செய்தேன். இவ்வளவு பழைய பொருள் இவ்வளவு உறுதியாக இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைக்குப் போகிற வழியில் ஜன்னல் கண்ணாடிகளில் என்னை நானே பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவைப் பார்க்கச் சாந்தன்பாறைக்குப் போனேன். அம்மா வாழ்நாள் முழுக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். வேலையை விட்ட பிறகு, ஏலத் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் தம்பியோடு தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருக்கிறாள். அன்று பிற்பகலே மஞ்சுமூட்டம் இறங்கியிருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து சுளகில் அரிசிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஏற்றத்தில் வருவதைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். சுவரோடு ஒட்டி நின்று, நான் கேட்டிராத ஒரு குரலில், "மகன் வேலைக்குப் போயிருக்கான் சார்" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். அங்கிருந்தே, அம்மா என்று கூப்பிட்டேன்.

கூப்பிட்டதும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஒன்னயப் பாத்து எந்திரிக்கல. அந்தத் தொப்பியப் பாத்து எந்திரிச்சேன்" என்றாள். அவள் காலத்தில் தேயிலைக் காட்டு வழியில் அப்படி ஒரு தொப்பி வந்தால் அது தோட்டத்துத் துரை என்று அர்த்தம். கூடையோடு ஒதுங்கி நின்று, போன பிறகுதான் நகர வேண்டும். சிரித்துக்கொண்டே இதைச் சொல்லி, துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கூசிப்போயிற்று. பெற்றவளை எழுந்து நிற்க வைத்துவிட்டேன். அதுவும் என் தலையை அவளிடமிருந்தும் மறைப்பதற்காக. எதுக்கு உனக்கு இதெல்லாம் என்று கேட்டாள். குளிருக்கு என்றேன். என் புருவத்தை அவள் உற்றுப் பார்த்துவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டாள். திரும்பும்போது அந்தத் தொப்பியைப் பைக்குள் வைத்து, தலையில் ஸ்கார்பைக் கட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த முறை பள்ளிவாசல் பக்கம் போனபோது வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கொடுத்ததைவிடக் குறைத்துத்தான் எடுத்தார். நான் பேரம் பேசவில்லை.

மூன்றாவது தொப்பியைக் கண்டுபிடித்தது மகள். பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கத்தில் ஒரு பெண் வீட்டிலேயே தொப்பி செய்கிறாள், அளவெடுத்துத்தான் செய்வாள் என்று வீடியோ அனுப்பினாள். பெங்களூரில் தொப்பிக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி வந்து தனியாகத் தொழில் தொடங்கியவள். குதிரை ஓட்டுகிறவர்கள், கல்யாண போட்டோ எடுக்கிறவர்கள் எல்லாம் அவளிடம் வாங்குகிறார்களாம். ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு, மறையூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாகக் கணவர் என்னை ஜீப்பில் கூட்டிப்போனார்.

தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. பக்கத்து அறையில் மரத்தால் செய்த தலைகள் வரிசையாக இருந்தன, எல்லாம் வழுக்கையாக. அதைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. அந்தப் பெண் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவிட்டுக்கொண்டே விவரம் சொன்னாள். கடையில் விற்பது எல்லாத் தலைக்கும் பொதுவாகச் செய்தது. முடி இருந்தால் அந்த இடைவெளியை முடியே நிரப்பிவிடும். முடி இல்லாதவர்களுக்குத் தொப்பி நேராக எலும்பில் உட்காரும். ஒரு இடத்தில் அழுத்தும், ஒரு இடத்தில் ஆடும். தோல் பட்டையும் வெறும் தலையை உறுத்தும். அதனால் தலையின் வடிவத்தை அப்படியே எடுத்து, உள்ளே மெத்தென்ற பருத்தி வைக்க வேண்டும் என்றாள். அதுவரைக்கும் சரி. பிறகு, "ஏனுங்கக்கா, ஸ்கார்ப எடுத்தாத்தானுங்க அளக்க முடியும்" என்றாள்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் உடனே வெளியே போகத் திரும்பினார். வளைத்து அளவெடுக்கிற கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டே அவள் அவரை நிறுத்தினாள். "நீங்களும் இருங்கண்ணா. இந்தக் கம்பிய நெத்தியில நான் புடிச்சா, பின்னால ஒருத்தர் புடிக்கோணுமுங்க."

அவளுக்கு எப்படித் தெரியும்? முடி முழுக்கப் போன பிறகு என் கணவர் என் தலையைப் பார்த்ததே இல்லை. நான் காட்டியதில்லை. குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொள்வேன். படுக்கும்போதும் ஸ்கார்ப் கட்டியிருப்பேன். அவர் கேட்டதில்லை, நானும் பேச்செடுத்ததில்லை. இப்போது முன்பின் தெரியாத ஒருத்தி வீட்டில், மரத் தலைகளுக்கு நடுவில், ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஸ்கார்பை அவிழ்த்தேன். உடம்பெல்லாம் சூடாயிற்று. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னந்தலையில் அவருடைய விரல்கள் பட்டன. டீசல் வாசம் வந்தது. கம்பி வளைவை அந்தப் பெண் காகிதத்தில் வைத்துக் கோடு இழுத்தாள். சரியான வட்டமாக இல்லை. இடது பக்கம் கொஞ்சம் பிதுங்கியிருந்தது. முடி இருந்த காலத்தில் எனக்கே தெரியாத வடிவம். அளவு முடிந்ததும் அவர் வெளியே போய்விட்டார். அருவருத்துப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

திரும்பும் வழியில் அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். சின்னாறு செக்போஸ்ட் தாண்டி, மறையூர் வந்து, டீ குடிக்க நிறுத்தினார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"அந்தப் பொண்ணு கேக்காட்டி எங்கிட்ட காட்டியிருக்கவே மாட்டதான?"

நான் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன்.

"கடைக்கு வர்ற டூரிஸ்ட்டுக்கு மறைக்கிற, சரி. அவனும் நானும் ஒண்ணாயிட்டமா ஒனக்கு?"

அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அத்தனை மாதமும் அவர் பக்கத்தில் படுத்திருந்து, எந்த இடத்தைத் தொட்டால் நான் விலகுவேன் என்று தெரிந்துவைத்து, அந்த இடத்தைத் தொடாமலேயே இருந்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலையைப் பற்றி நான் பட்ட வெட்கமெல்லாம் ஒரு பக்கம் இருக்க, இது வேறு மாதிரி வலித்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஸ்கார்பை எடுத்துவிட்டுச் சோறு போட்டேன். இருவருமே ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக்குள் நான் கட்டுவதில்லை.

தொப்பி கூரியரில் வந்தது. கரும்பச்சை நிறம். தலையில் வைத்ததும் வைத்ததே தெரியவில்லை. குனிந்தாலும் ஸ்டூலில் ஏறினாலும் நகரவில்லை. மழையில் நனைந்து, காய்ந்து, அதே வடிவத்தில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஃபெல்ட் என்று பார்த்தால் பள்ளிவாசலில் வாங்கிய பழையதுதான் உசத்தி. அந்த அடர்த்தியும் லேசும் இதில் இல்லை. விலையில் சாலையோரத் தொப்பியை எதுவும் அடிக்க முடியாது, வெயில் காலத்தில் மட்டும் போடுகிறவர்களுக்கு அது போதும். செய்யச் சொல்லி வாங்கியதன் விலையை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் தினமும் வேலை நேரம் முழுக்கத் தலையில் இருக்க வேண்டிய பொருள் என்றால் அளவெடுத்துச் செய்ததுதான். கேட்கிறவர்களுக்கு அப்படித்தான் சொல்கிறேன்.

எந்தத் தொப்பியும் உதவாத இடமும் உண்டு. போன மாதம் ஆதாரில் போட்டோ மாற்ற வேண்டி வந்தது. டவுனில் உள்ள சேவை மையத்தில் நானும் கணவரும் வரிசையில் நின்றோம். என் முறை வந்ததும் கேமராவுக்குப் பின்னால் இருந்த பெண் சாதாரணமாக, "தொப்பி மாற்றணும் சேச்சி" என்று மலையாளத்தில் கழற்றச் சொன்னாள். எனக்குப் பின்னால் வரிசையில், கடையில் என்னிடம் சாமான் வாங்குகிறவர்கள் இரண்டு பேர், எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த ஒரு அக்கா, இன்னும் யார் யாரோ. நாளைக்கு வருகிறேன் என்று எழப் பார்த்தேன். கணவர் சுவரில் ஒட்டியிருந்த கட்டண விவரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் என்னை வற்புறுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. நாளைக்கும் இதையேதான் கேட்பார்கள் என்று தோன்றியது. கழற்றி மடியில் வைத்தேன்.

முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்றது கேட்டது. திரையில் என் தலை வந்தது. இடது புருவம் லேசாக அழிந்திருந்தது. "ஓகேயா சேச்சி?" என்று கேட்டாள். ஓகே என்றேன்.

கார்டு வந்துவிட்டது. பையில் வைத்திருக்கிறேன். கேட்கிற இடத்தில் எடுத்துக் கொடுக்கிறேன். படம் கீழ்ப்பக்கம் இருக்கும்படிதான் இன்னமும் நீட்டுகிறேன்.